எஃப் கார்டும் ஏழரைக் குதிரைத்திறன் மோட்டாரும்

‘கொலு’ வரை பாடியாயிற்று. எஞ்சியிருந்தது ‘சு’ மட்டுமே. அந்த ஓரெழுத்துக்குக் கிட்டாரில் எஃப் கார்டு பிடித்தாக வேண்டும் என்று கைப்பேசியில் பாடம் நடத்திய இளைஞர் கூறியிருந்தார். இடது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு தந்திகளையும் ஒருசேர அழுத்த வேண்டுமாம். பரிதியின் விரல் தன்னால் இயன்ற மட்டும் முயன்று நான்கு தந்திகளை அழுத்தியது. மூன்று நொடிகள் கழித்து ‘சு’ பிறந்தது.

“வாய்க்கால் கரையில் உன் கொலு... சு, வந்து நின்றதே என் மன... சு...”

பாடலைப் பதிவு செய்துகொண்டிருந்த கைப்பேசி அப்போது பார்த்து ஒலித்தது. பதிவு பாதியில் அறுந்தது.

“சாப்பிட்டீங்களா?” என்றார், கும்பகோணத்திலிருந்து அவருடைய மனைவி செம்மொழி.

“இல்ல. நாப்பத்தி ரெண்டாவது தடவையா பாடிக்கிட்டு இருந்தேன்.”

“ஐயையோ, கெடுத்துட்டேனா? ஒண்ணு செய்யுங்க. இனிமே பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னால எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்துடுங்க. நான் நடுவுல கூப்பிடாம இருப்பேன்ல?”

நல்ல யோசனைதான் என்று பரிதி ஒப்புக்கொண்டார். அவருக்கு நேர்ந்த அத்தனை துன்பமும் அந்த நல்ல யோசனையிலிருந்து தொடங்கியது என்பதை அப்போது அவர் அறியவில்லை.

பரிதி குடவாசலில் ஓவிய ஆசிரியர். வைகாசியில் திருமணம். ஆடி பிறந்ததும் பெண் வீட்டார் வந்து, வழக்கப்படி புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். இதில் வருத்தம் உண்டே தவிர வியப்பு இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பெண் பார்க்கும் காலத்தில் அவருடைய பயோடேட்டாவை எழுதியவர் அக்கா மேகலா. ‘பொழுதுபோக்கு’ என்ற இடம் வெறுமையாக இருப்பது மரியாதையாக இராது என்று கருதிய மேகலா, ‘பத்தாண்டுகளாகக் கிட்டார் இசைத்தல், சொந்தமாகப் பாடல் இயற்றிப் பாடுதல்’ என்று அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பிவிட்டார். பரிதிக்கு விவரம் தெரிந்தபோது தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. பத்திரிகை அச்சுக்குப் போன மறுநாளே அவர் கும்பகோணம் சென்று, தெரிந்தவர் எவர் கண்ணிலும் படாமல் ஒரு கிட்டார் வாங்கி, கோணிப்பையில் சுற்றிப் பேருந்தில் கொண்டுவந்தார். “என்ன சார், மண்வெட்டியா?” என்று நடத்துநர் கேட்டதற்கு “ஆமாங்க” என்றே பதில் சொன்னார்.

ஆக, அவர் கிட்டார் கற்கத் தொடங்கி மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. செம்மொழிக்கோ அவர் பத்தாண்டுக் கலைஞர்.

“பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு நாங்க எல்லாரும் படித்துறையில உக்காந்துதான் கலந்த சாதம் சாப்பிடுவோம். அப்ப நீங்க எனக்காக எழுதுன பாட்டப் போடப் போறேன்னு சொல்லிட்டேன்” என்று புறப்படும்போது சொல்லியிருந்தார் செம்மொழி.

“எல்லாரும்னா எத்தன பேரு?”

“நெருங்குன சொந்தம் மட்டுந்தாங்க. முப்பத்து நாலு பேரு. அப்பா அதுக்குன்னே ஒரு ஸ்பீக்கர் வாங்கியாந்துருக்காரு.”

அன்று முதல் பரிதிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு பாடல், ஒரே ஒரு முறை, பிசிறில்லாமல் பதிவாகிவிட்டால் போதும், பயோடேட்டா பொய்யாகாது. இல்லையேல், முப்பத்து நான்கு பேர் முன்னிலையில் ஒரு குடும்பமே ஏமாற்றுக் குடும்பம் என்று பெயர் வாங்கிவிடும்.

பதிவு செய்வதற்கு அமைதி வேண்டும். ஆடி மாதத்தில் ஊரில் அமைதிக்கு இடமேது? விடியற்காலை தொடங்கி எட்டு மணி வரை மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி பாடும். மாலை ஆறுக்கு மீண்டும் தொடங்கினால் இரவு வரை ஓயாது. பள்ளி விட்டு அவர் வீடு திரும்புவது ஐந்து மணிக்கு. எனவே மாலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரமே இசைக்குக் கிடைத்தது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் கொல்லைப்புறத்துக் கொட்டகையில் ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

அது ஐந்து பங்குக்காரர்களுக்குப் பொதுவான போர்வெல் மோட்டார். பரிதியும் ஒரு பங்குக்காரர். ஆற்றில் தண்ணீர் திறந்திருந்தும் கடைமடைக்கு ஏறாத காரணத்தால் குறுவைப் பயிர் அந்த மோட்டாரை நம்பியே நின்றது. கொட்டகைக்கு ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கும் வேலையும் இப்போது இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. பங்குக்கு ஓர் எண் வீதம் அதில் ஐந்து எண்கள் பதிந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றிலிருந்து அழைத்தால் மோட்டார் ஓடும். மறுபடி அழைத்தால் நிற்கும். பரிதியின் முறை வரும் நாளில் மூத்த பங்குக்காரரான கோவிந்தராசு தம் வயலுக்குப் பாய்ச்சும்போதே அவருடைய வயலுக்கும் சேர்த்து மடை திறந்துவிடுவார். ஆகவே பரிதிக்கும் மோட்டாருக்கும் அதன் இரைச்சலைத் தவிர வேறு உறவு இருக்கவில்லை.

ஆடி ஆறாம் நாள், நாற்பத்தெட்டாம் முயற்சியை, குறைகளோடேயே அனுப்பி வைத்தார் பரிதி. அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது.

“ரொம்ப நல்லாருக்குங்க” என்றார் செம்மொழி. குரலில் ஒரு தயக்கம்.

பின்னாலிருந்து அவருடைய தங்கையின் குரல் கேட்டது: “அக்கா, மாமா பாடுறாரா, மாவு மில்லுல நிக்கிறாரா?”

“சும்மா இருடி!” என்று செம்மொழி அதட்டியதும் அதைத் தொடர்ந்து ஐந்தாறு பேர் சிரித்ததும் தெளிவாகக் கேட்டன.

அன்று இரவும் பரிதி சாப்பிடவில்லை.

மறுநாள் மாலை ஐந்து பத்துக்குச் செம்மொழிக்கு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தி, கிட்டாரை மடியில் ஏந்தினார். முதல் தந்தி அதிர்ந்தது. மோட்டார் நின்றது.

பரிதிக்கு மெய்சிலிர்த்தது. கொல்லையில் ஒரு தவிட்டுக்குருவி கத்துவதும், வாழையிலை ஒன்று அசைவதும் கூடக் கேட்டன. இறைவன் ஓவிய ஆசிரியர்களையும் கவனிக்கிறான் என்று எண்ணிக்கொண்டு பாடத் தொடங்கினார். ‘கொலு’ வந்தது. ‘சு’ வருவதற்காக விரல் நகர்ந்துகொண்டிருந்தபோது வயல் பக்கமிருந்து ஒரு குரல் எழுந்தது.

“மோட்டர எவன்டா நிறுத்துனது?”

கோவிந்தராசுவுக்கு அறுபத்தொரு வயது. குரலுக்கு இருபது வயது. அந்தக் கேள்வி பாடலின் சுருதியோடு பொருந்தியே பதிவாகியிருந்தது என்பதுதான் வேதனை. கோவிந்தராசு கைப்பேசியில் அழைத்து மோட்டாரை மறுபடி ஓட்டினார். பரிதி பதிவை அழித்தார்.

அடுத்த நாளும் ஐந்து பத்துக்கு மிஸ்டு கால், முதல் தந்தி, மோட்டார் நின்றது, “எவன்டா அது?” என்ற முழக்கம். அதற்கடுத்த நாளும் அவ்வாறே. நான்காம் நாள் கோவிந்தராசுவின் மனைவி அம்சம், கையில் களைக்கொட்டோடு பரிதியின் வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த மரப்பொட்டிய நீங்க தொடுறப்பல்லாம் மோட்டர் நின்னுடுதே, அது ஏன்?”

“சித்தி, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இது கரண்டே இல்லாத கிட்டாரு.”

“அதத்தான் நானும் சொல்றேன். கரண்டு இல்லாததுக்குத்தான தம்பி கரண்டு வேணும்?”

இந்த வாதத்துக்கு ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கற்ற எதுவும் பரிதிக்கு உதவவில்லை. மின்சாரம் குறித்தும் ஒலி குறித்தும் தாளில் படம் வரைந்து பத்து நிமிடம் விளக்கினார். அம்சம் பொறுமையாகக் கேட்டார்.

“படம் நல்லா வரையறீங்க தம்பி. அதையே செய்யலாமே? இது எதுக்கு?”

இனித் தம் இசை வீட்டை விட்டு வெளியே கேட்கவே கூடாது, வெளியார் முழக்கமும் உள்ளே வரக் கூடாது என்று பரிதி முடிவு செய்தார். வீட்டின் உள்ளறையில் நெல் கொட்டி வைக்கும் மரப் பத்தாயம் ஒன்று ஆளுயரத்துக்கு நின்றது. ஆடி மாதமாதலால் கால்வாசி நெல்தான் மீதியிருந்தது. தடித்த பலகை, மேலே மூடி. பாடம் நடத்தும் இளைஞர் ஆயிரக்கணக்கில் செலவழித்து அமைத்திருந்த அறை கூட அத்தனை அடக்கமாக இருந்திருக்காது.

ஆடி பதின்மூன்றாம் நாள், கிட்டாரோடும் கைப்பேசியோடும் பத்தாயத்துக்குள் இறங்கி, மூடியை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்திக்கொண்டார். மிஸ்டு கால் கொடுத்தார். முழங்கால் வரை நெல்லில் புதைந்தபடி பாடினார். ஆச்சரியம்! ‘கொலுசு’ ஒரே சொல்லாக வந்தது. ‘மனசு’ம் வந்தது. இரண்டாம் சரணமும் தடையின்றிச் சென்றது. வாழ்வில் முதல் முறையாகப் பாடல் இறுதியை எட்டிக்கொண்டிருந்த வேளையில் நெல்லின் சுனை மூக்கில் ஏறியது. அடக்க முயன்றார். அடக்கியதால் பெரிதாயிற்று. பத்தாயமே அதிரும்படி ஒரு தும்மல்.

மோட்டார் நின்றதும் வழக்கம்போல் நியாயம் கேட்பதற்காகக் கொல்லை வழியே வந்துகொண்டிருந்த அம்சத்தின் காதில் அது விழுந்தது.

“ஐயோ, ஓடியாங்க! பத்தாயத்துல ஆளு! பத்தாயத்துல ஆளு!”

கோவிந்தராசு உள்ளிட்ட பங்குக்காரர்கள் நால்வரும் மண்வெட்டியும் கையுமாக வந்து சேர்ந்தார்கள். மூடி திறந்தது. தலைமுடியிலும் புருவத்திலும் நெல்லோடு பரிதி எழுந்தார். பின்னர் கிட்டார் எழுந்தது.

கோவிந்தராசு ஓங்கிய மண்வெட்டியைக் கீழே இறக்கினார்.

“பாத்தீங்களா?” என்றார் அம்சம். “பதுங்கி உக்காந்து வாசிச்சாலும் மோட்டர் நின்னுடுச்சு.”

“சித்தி, நான் பதுங்கலை. ஒலித்தடுப்புக்காக...”

“பத்தாயத்துக்குள்ள எறங்கி மூடி போட்டுக்கிட்டா அதுக்குப் பேரு என்ன தம்பி?”

அன்று அவருக்கு மிஞ்சிய ஆறுதல், பாடல் ஏறத்தாழ முழுமையாகப் பதிவாகியிருந்தது என்பதே. தும்மலையும் அம்சத்தின் கூக்குரலையும் நீக்கிவிட்டால் போதும். வேண்டாத ஓசைகளைத் தானே கண்டறிந்து அகற்றும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கினார். அது சற்று நேரம் சிந்தித்து, ‘இரைச்சல் முழுவதும் நீக்கப்பட்டது’ என்று அறிவித்தது. நன்றிப் பெருக்கோடு அதைக் கேட்டுக்கூடப் பாராமல் செம்மொழிக்கு அனுப்பினார்.

“ஏங்க, பாட்டு எங்க?” என்று பதில் வந்தது. “பத்தாயத்துல ஆளு, பத்தாயத்துல ஆளுன்னு ஒரு அம்மா மட்டும் கூப்புடுறாங்க. குரல் ரொம்பத் தெளிவா இருக்கு.”

செயலி எதை இரைச்சல் என்று கருதி நீக்கியது என்பதைப் பரிதி மேற்கொண்டு ஆராய விரும்பவில்லை.

பதினாறாம் நாள் மாலை கொட்டகை அருகே கூட்டம் கூடியது. கோவிந்தராசு முதலில் அவரை வயலுக்கு அழைத்துப் போனார். கடைசிப் பாத்தியில் மண் விரலளவுக்கு வெடித்திருந்தது.

“பயிரு தூர் கட்டிக் கெளைக்கிற நேரம் தம்பி. பத்து நாளா இந்த எடத்துக்குத் தண்ணி ஏறவே இல்ல. வாய்க்கால்ல வந்துக்கிட்டே இருக்கும்; பாதி வழியில நின்னுடும். ஓடிப்போயி மறுபடி போட்டா, வாய்க்கால் திரும்ப நனையவே அரை மணி ஆவுது. அதுக்குள்ள கரண்டு போயிடுது.” அவர் கோபமாகப் பேசியிருந்தால் பரிதி தாங்கியிருப்பார். அவர் மெதுவாகப் பேசினார்.

பரிதி குனிந்து அந்த வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார். இருந்தாலும் அறிவியலை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. “நம்மள்ல யாராச்சும் கை தவறிப் போன் போட்டிருக்கலாம். எல்லாரும் போனைக் காட்டுங்க சித்தப்பா” என்றார்.

ஐந்து கைப்பேசிகளும் வரப்பின்மேல் வரிசையாக வைக்கப்பட்டன. முதல் நான்கில் மோட்டாரை ஓட்டிய அழைப்புகள் இருந்தன. ஐந்து பத்துக்கு நிறுத்திய அழைப்பு எதிலும் இல்லை. ஐந்தாவதாகப் பரிதியின் கைப்பேசியை அம்சமே எடுத்துப் பார்த்தார்.

“இதுல மோட்டருக்கு ஒரு போன்கூட இல்ல. தெனம் அஞ்சு பத்துக்குப் பொண்டாட்டிக்குத்தான் மிஸ்டு கால்!” என்று உரக்கப் படித்தவர், “ஏன் தம்பி, ஆடி மாசம் பாக்கத்தான் கூடாது. பேசக் கூடாதுன்னு எவன் சொன்னான்?” என்றார்.

சிரிப்பு அடங்கியதும் பரிதி கடைசி ஆயுதத்தை எடுத்தார். “இப்பவே எல்லார் முன்னாலயும் வாசிக்கிறேன். யாரும் போனைத் தொடாதீங்க. அது பாட்டுக்கு வரப்புலயே கெடக்கட்டும். மோட்டர் ஓடுனா என்னை விட்டுடுங்க. நின்னா, நீங்க சொல்றதக் கேக்குறேன்.”

“அது நியாயம்” என்றார் கோவிந்தராசு.

மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் கொட்டியது. நான்கு கைப்பேசிகள் வரப்பில் கிடந்தன. தம்முடையதில் மட்டும், இந்தக் கடைசி வாய்ப்பையும் பதிவு செய்துகொள்ளலாமே என்னும் நப்பாசையில், செம்மொழிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்தி அதையும் வரப்பில் வைத்தார். கிட்டாரை எடுத்தார். முதல் தந்தியைத் தொட்டார்.

தண்ணீர் மெலிந்தது, குழாயின் வாயில் சற்றே தொங்கியது, நின்றது.

ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். மோட்டாரையா கிட்டாரையா என்பது தெரியவில்லை.

அந்தக் கணத்தில் பரிதியே நம்பிவிட்டார். படித்த படிப்பெல்லாம் அந்தக் குழாயோடு வற்றிப்போயிற்று. “சித்தப்பா, நீங்களே வச்சுக்குங்க. அறுப்பு முடியட்டும்” என்று இரு கைகளாலும் கிட்டாரை நீட்டினார். கோவிந்தராசு அதைத் தொட அஞ்சி, அம்சத்தின் பழைய புடவையில் சுற்றி வாங்கிக்கொண்டார். எதற்கும் ஸ்டார்ட்டர் பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, அதைப் பொருத்திய மெக்கானிக் அன்சாரை மறுநாள் காலையில் வரச் சொன்னார்கள். பாதி பேர் பூசாரிக்கும் சொல்லிவிடலாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த பரிதி, வெகுநேரம் யோசித்துச் செம்மொழிக்கு ஒரு செய்தி எழுதினார். ‘அன்புள்ள செம்மொழிக்கு, பணிவுடன் எழுதுவது. எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. பயோடேட்டாவில் உள்ளது பொய். பத்தாண்டுகள் அல்ல, மூன்று மாதங்கள். அதிலும் எஃப் கார்டு இன்னும் வரவில்லை. என் கை பட்டால் ஊரின் பயிர் காய்கிறது என்பது இன்று ஐயமற உறுதியாகிவிட்டது. படித்துறையில் என் பெயரைத் தயவுசெய்து எடுக்க வேண்டாம். தாங்கள் எடுக்கும் எந்த முடிவுக்கும் கட்டுப்படுகிறேன்.’

அனுப்பிய மறு நிமிடமே இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் வரவில்லை. அவர் தவித்தபடி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். விடிந்தது. பதில் வரவில்லை. முப்பத்து நான்கு பேரும் இந்நேரம் அதைப் படித்திருப்பார்கள் என்று தோன்றியது.

எட்டு மணிக்கு அன்சார் வந்தார். பங்குக்காரர்கள் சுற்றி நிற்க, பெட்டியைத் திறந்து, அதில் பதிவாகியிருந்த அழைப்புகளைத் தம் கைப்பேசியில் எடுத்துப் பார்த்தார். பிறகு சற்றுத் தள்ளிப் போய் யாரிடமோ பேசினார். திரும்பி வந்தவர் பரிதியை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன பாய், உள்ள எதாச்சும் புகுந்துருக்கா?” என்றார் அம்சம்.

“பெட்டி தங்கமா இருக்கும்மா. தெனமும் அஞ்சாவது பங்கு நம்பர்ல இருந்து போன் போட்டுத்தான் நிறுத்தியிருக்காங்க.”

“அது என்னோட பங்கு” என்றார் பரிதி, ஈனக் குரலில். “ஆனா சத்தியமா நான் போன் போடல பாய்.”

“நீங்க எங்க சார் போட முடியும்? ‘நான் பள்ளிக்கூடம் போயிடுவேன், எம் நம்பருக்குப் பதிலா வீட்டுல இருக்கிறவங்க நம்பரப் போட்டுடுங்க’ன்னு கல்யாணம் ஆன மறுவாரமே நீங்கதான மாத்தச் சொன்னீங்க, இப்ப அந்த நம்பருக்குப் பேசிட்டுத்தான் வர்றேன், ‘கத்துக்கிட்டு மூணு மாசந்தான்னாலும் அவரு பாட்டுல மோட்டர் சத்தம் வந்து யாரும் சிரிச்சுடக் கூடாது பாய், அதான் மிஸ்டு கால் வந்த ஒடனே இங்கேருந்தே நிறுத்திடுறேன், இன்னிக்கும் அஞ்சு பத்துக்கு வரும், பெட்டியில எதையும் மாத்திடாதீங்க’ன்னு உங்க வீட்டம்மா சொல்றாங்க.”